கெலாற் கண்ட தவளை: மலைக்காட்டுத் தவளையொன்றின் பாகுபாடும் பரம்பலும்

மாரி தொடங்கியதும் முரசுமோட்டை வயல்வெளிகளில் எழும் தவளையொலி, தேங்கிய நீரை நம்பி வாழும் உயிர்களின் ஒலியாகும். அவை நீரையண்டி முட்டையிடுவன; வாற்பேத்தைப் பருவத்தை நீரிலேயே கழிப்பன. இலங்கையின் சூடோபிலோற்றசுச் சாதித் தவளைகளோ இவ்வழக்கத்தினின்றும் வேறுபட்டவை. அவற்றின் முட்டையினின்றும் சிறு தவளையே நேராக வெளிவரும். குளமும் ஓடையும் அவற்றுக்கு வேண்டா. நிழலும் ஈரமும் வேண்டும். வறண்ட வலயத்திலும் ஓரிரு இனங்கள் உளவெனினும், பெரும்பாலானவை தென்மேற்கு ஈரவலயத்துக்கும் மத்திய மலைநாட்டுக்கும் உரியன.

1853இல், வைத்தியரும் இயற்கையியலாளருமான கெலாற், நுவரெலியாவிற் கண்ட தவளையொன்றை விவரித்து, விண்மீன் பொறித்தது எனப் பொருள்படும் ‘ஸ்டெல்லாற்றசு’ என்னும் பெயரை அதற்கு இட்டார். பிற்காலத்தார் அதனைப் பிலோற்றசுச் சாதியுட் சேர்த்தனர். 2009 அளவில், மூலக்கூற்றாய்வுகளின் பேறாக, இலங்கை இனங்கள் சூடோபிலோற்றசு எனத் தனித்துப் பிரிக்கப்பட்டன. சாதிப்பெயர் மாறியபோதும் இனப்பெயர் நிலைத்தது. தவளைதான் கிடைத்திலது.

அது கிடையாமைக்குக் காரணம் தேடுவோர் 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தையும் நோக்குதல் வேண்டும். அச்சட்டத்தின் துணையோடு மலைக்காடுகள் துரைமார் கைக்கு மாறின, கோப்பி பரந்தது. 1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பி அழிந்த பின்னர், தேயிலை மேலும் உயர ஏறியது. காட்டை வெட்டிய கைகள் தென்னிந்தியத் தொழிலாளருடையவை. வெட்டுமாறு பணித்த முடிவு அவர்களுடையதன்று. 1958, 1977 வன்செயல்களின் பின்னர் அவர்தம் வழித்தோன்றல்கள் பலர் கிளிநொச்சி மாவட்டத்திற் குடியேறினர். காடழிவின் பழியை அவர்மீது ஏற்றும் பேச்சு, வரலாறறியாப் பேச்சேயாம்.

2005இல் மனமேந்திர ஆராச்சியும் பெத்தியாகொடவும் ஒரே கட்டுரையில் 27 புதிய இனங்களை விவரித்தனர். அதே காலத்தில், பழைய ஏடுகளிலும் நூதனசாலைக் குப்பிகளிலும் மட்டுமே அறியப்பட்ட ஏறத்தாழ இருபது இனங்கள் அழிந்தனவாகக் கணிக்கப்பட்டன. கெலாற்றின் தவளையும் அவற்றுள் ஒன்று. ஆனால் 2009இல் மெண்டிஸ் விக்கிரமசிங்க குழுவினர் அதனைச் சிவனொளிபாதமலைக் காட்டில் மீளக் கண்டனர். ஆய்வு 2013இல் வெளியாயிற்று.

‘அழிந்தது’ என்னும் தீர்ப்பு, தவளையைப் பற்றியதாக இருந்த அளவுக்குத் தேடிய இடங்களைப் பற்றியதாகவும் இருந்தது. எனினும், நுவரெலியாவிற் கண்டது சிவனொளிபாதமலையில் எஞ்சியிருப்பதை மகிழ்ச்சியோடு மட்டும் வாசித்தல் இயலாது. இரண்டுக்கும் இடைப்பட்ட மலைச்சரிவுகளுட் பெரும்பகுதி இன்று தேயிலை. நீரோட்டத்தோடு செல்லும் வாற்பேத்தைப் பருவமில்லாத, நிழல்விட்டு அகலா உயிரொன்று அவ்வெளியைக் கடப்பது அரிது.