ஆண்டுக்கணக்கு வாடகையின் கதை

1930களின் நடுப்பகுதி. பெருமந்தத்தில் அமெரிக்கத் துறைமுகங்கள் களையிழந்து கிடந்தன. டேனியல் லுட்விக் என்ற கப்பல்காரருக்கோ ஓர் ஆசை: பழைய சரக்குக் கப்பல்களை மலிவாக வாங்கி, எண்ணெய் ஏற்றும் டேங்கர்களாக மாற்ற வேண்டும். கையில் காசில்லை. கடலில் மூழ்கக்கூடிய, சரக்கில்லாமல் சும்மா நிற்கக்கூடிய ஒரு பொருளை நம்பிக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கின. லுட்விக் வேறோர் அடமானத்தை நீட்டினார்.

வெறும் காகிதம்தான் அது. ஆனால், கப்பலுக்குப் பல ஆண்டுகள் வாடகை தருவதாக எண்ணெய் கம்பெனி கையெழுத்திட்ட ஒப்பந்தம். வாடகை நேராக வங்கிக்குப் போகும்; கடன் தவணை போக மீதி லுட்விக்குக்கு. வங்கி இப்போது அவரை நம்ப வேண்டியதில்லை, எண்ணெய் கம்பெனியை நம்பினால் போதும். கடன் கிடைத்தது. போகப்போக, கட்டப்படாத கப்பலுக்கே ஒப்பந்தம் போட்டு, அதைக் காட்டிக் கடன் வாங்கி, அந்தக் கடனில் கப்பலைக் கட்டும் அளவுக்கு இந்த வழி வளர்ந்தது. கிரேக்கர்களான ஒனாசிஸும் நியார்கோஸும் இதே வழியில் பெரும் கப்பல் கூட்டத்தைச் சேர்த்தார்கள். ஒப்பந்தம் எவ்வளவு நீளமோ அவ்வளவு பத்திரம் என்பதே துறையின் வேதமானது. 1954ல் ஒனாசிஸ் போட்ட ஒரு கையெழுத்து அதை அசைத்தது.

சவுதி எண்ணெயை ஏற்றிச் செல்லும் உரிமைக்காக அந்நாட்டு அரசோடு அவர் நேரடியாக உடன்படிக்கை செய்துகொண்டார். எண்ணெய் கம்பெனிகள் கொதித்தெழுந்து அவரை ஒதுக்கின. முடிந்த ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படவில்லை. கப்பல்கள் வேலையின்றி நின்றன. ஒனாசிஸ் கதை முடிந்தது என்றே பலரும் நினைத்த வேளையில், எகிப்திலிருந்து ஒரு செய்தி வந்தது.

1956 ஜூலை 26 அன்று சூயஸ் கால்வாயை எகிப்து அதிபர் நாசர் நாட்டுடைமையாக்கினார். இலையுதிர் காலத்தில் போர் மூண்டு கால்வாய் அடைபட்டது. வளைகுடா எண்ணெய் ஆப்பிரிக்காவையே சுற்றி ஐரோப்பா போக வேண்டியதாயிற்று. டேங்கர்களுக்குத் தட்டுப்பாடு, வாடகை விண்ணைத் தொட்டது. போட்டியாளர்களின் கப்பல்களோ பழைய விலையில் கட்டுண்டு கிடந்தன. கட்டில்லாமல் நின்றவை ஒனாசிஸின் கப்பல்கள்! தண்டனையே அவருக்குப் புதையலானது. கட்டற்ற கப்பலே லாபம் என்ற அந்தப் பாடத்தை நார்வேயில் ஒருவர் எல்லை வரை கொண்டுபோனார்.

பெர்கன் நகரத்து ஹில்மர் ரெக்ஸ்டன், 1967 அரபு-இஸ்ரேல் போரில் கால்வாய் மீண்டும் மூடப்பட்டபோது, ஒப்பந்தத்தில் கட்டுப்படாத தம் டேங்கர்களால் பெரும் பணம் குவித்தார். எனவே 1973ல் சந்தை உச்சத்தில் இருந்தபோதும் ராட்சத டேங்கர்களை நீண்ட ஒப்பந்தத்தில் விடாமல், அன்றன்றைய வாடகையையே நம்பினார். அக்டோபரில் இன்னொரு போர் வெடித்தது.

இம்முறை கால்வாய்க்குப் பதிலாக எண்ணெய் வரத்தே சுருங்கியது. சில மாதங்களில் அதன் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது, தேவை சரிந்தது. முன்பே ஆர்டர் செய்த டேங்கர்களோ கட்டுந்தளங்களிலிருந்து வந்துகொண்டே இருந்தன. நார்வேயின் ஃபியோர்டுகளில் வேலையற்ற டேங்கர்கள் வரிசைகட்டி நின்றன. ரெக்ஸ்டனின் சாம்ராஜ்யம் நொறுங்கியது.

இன்று பல கப்பல் கம்பெனிகளில் ஒரு கப்பல் ஒரே பயணத்துக்கும், இன்னொன்று ஓராண்டுக்கும், மற்றொன்று பத்தாண்டுக்கும் வாடகைக்குப் போவது வெகு சாதாரணம். வங்கித் தவணைக்கு லுட்விக்கின் காகிதம். திடீர் ஏற்றத்துக்கு ஒனாசிஸின் கட்டற்ற கப்பல். இரண்டில் ஒன்றை மட்டும் நம்பாதிருக்க ரெக்ஸ்டனின் வீழ்ச்சி. மூவர் அனுபவமும் சொல்லும் பாடம் அந்தப் பங்கீட்டில் தெரிகிறது.