சீனிப் போர்வை போர்த்திய கிருமி

சீனி என்றவுடன் நம் நினைவுக்கு வருவன தேநீரும் பலகாரமும். வயது முதிர்ந்தோர்க்கு நீரிழிவும். ஒரு கொடுங் கிருமி மனிதனை வெல்வதற்குச் சீனி துணை நின்றதென்றும், அதே சீனியே பின்னர் அக்கிருமியைக் காட்டிக் கொடுத்ததென்றும் கூறினால் வேடிக்கைப் பேச்சென்றே பலர் எண்ணுவர். இதனை முதன்முதற் கண்டு சொன்ன அறிஞரையும் அவர் காலத்து உலகம் எளிதில் நம்பிவிடவில்லை. நம்பிய பின்னரும், அவ்வுண்மையின் பயன் பச்சிளங் குழந்தைகளைச் சென்றடைய அரை நூற்றாண்டுக்கு மேற் கழிந்தது. அந்தத் தாமதமே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டிற்று.

நியூமோனியாக் காய்ச்சலை உண்டாக்கும் கிருமிகளுள் முதன்மையானது நியூமோகொக்கசு என்னும் பற்றீரியம். இதனைப் பிரான்சிற் பாஸ்ரரும் அமெரிக்காவில் ஸ்ரேண்பேர்க்கும் ஒருவரையொருவர் அறியாமலே கண்டு, 1881 இல் வெளியிட்டனர். அக்காலத்திற் கிருமியைக் கொல்லும் மருந்து கிடையாது. குதிரைக்குக் கிருமியை ஏற்றி, அதன் குருதியில் தோன்றும் எதிர்ப்பு நீரை நோயாளிக்குக் கொடுப்பதே வழி. ஆயின் அந்நீர் ஒருவரைக் காப்பாற்றும். அடுத்த கட்டிலிற் கிடப்பவருக்குச் சிறிதும் பயன்படாது. காரணம் 1910 அளவிற் புலனாயிற்று. பேர்லினில் நொய்பெல்ட், ஹெண்டல் என்போர் இக்கிருமி பல வகைப்படும் என்றும், ஒரு வகைக்கெதிரான நீர் மற்றொரு வகையைத் தீண்டாது என்றும் காட்டினர். நுணுக்குக்காட்டியில் நோக்கின் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். பின் வேற்றுமை எங்கே இருக்கின்றது?

நியூயோர்க் நகரத்து றொக்பெல்லர் மருத்துவமனையில் இவ்வினாவை விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டவர் ஒஸ்வல்ட் ஏவரி. கனடாவிற் பிறந்தவர், மதபோதகர் ஒருவரின் மைந்தர். 1917 இல் அவரும் டொசேசு என்பாரும், நோயாளியின் குருதியிலும் சிறுநீரிலும் கூடக் கிருமியினின்று கரைந்து வந்த ஒரு பொருள் உண்டென்றும், அப்பொருள் வகைக்கு வகை வேறுபடுகின்றதென்றும் கண்டனர். அது யாது என்று பகுத்தறிய இரசாயனம் வல்லார் ஒருவர் வேண்டியிருந்தது. அதே மருத்துவமனையில் குருதியின் செந்நிறப் பொருளை ஆராய்ந்துகொண்டிருந்த மைக்கேல் ஹைடில்பேர்கரிடம் ஏவரி அடிக்கடி சென்று, சிறு குப்பி ஒன்றைக் காட்டி, இரகசியம் முழுவதும் இதனுள்ளே இருக்கின்றது, எப்பொழுது தொடங்குவோம் என்று கேட்பாராம். ஒருவாறு அவரும் இணங்கினார்.

1923 இல் விடை வெளியாயிற்று. அப்பொருள் புரதம் அன்று, பல்சக்கரைட்டு. அதாவது, சீனி மூலக்கூறுகள் சங்கிலிபோற் கோத்த நெடும்பொருள். கிருமியின் கலத்தைச் சுற்றிப் போர்வைபோற் கிடப்பதும் அதுவே.

இன்று இதனைப் பாடப்புத்தகத்திற் படிக்கும் நமக்கு இதில் வியப்பொன்றும் தோன்றாது. அன்றோ, உடலின் எதிர்ப்புச் சக்தி புரதத்தை மட்டுமே வேறுபடுத்தி அறியவல்லது என்பது அறிஞர் பலரின் துணிபு. சீனியா, உங்கள் குப்பியிற் புரதம் சிறிதளவு கலந்திருக்கும், அதுவே வேலை செய்கின்றது என்றனர். ஹைடில்பேர்கர் இதற்கு விடையளித்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. மூன்றாம் வகைக் கிருமியின் சீனியில் நைதரசன் கிடையாது. புரதம் எதிலும் நைதரசன் உண்டு. ஆகவே, சீனியையும் எதிர்ப்பு நீரையும் கலக்கும்போது படியும் வீழ்படிவில் உள்ள நைதரசன் முழுவதும் எதிர்ப்புப் பொருளிலிருந்தே வந்திருத்தல் வேண்டும். 1929 இல் அவரும் கென்டல் என்பாரும் இதனை நிறுத்து அளந்தனர். பிறபொருளெதிரி எனப்படும் அப்பொருள் ஒரு புரதமே என்பதும், அதனைத் தராசில் நிறுக்கலாம் என்பதும் இவ்வாறே உறுதியாயின.

சீனிக்கு இத்தனை வேற்றுமை எங்கிருந்து வந்தது? புரதத்தின் அமினோவமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே முறையிலேயே கோக்கப்படுவன. சீனி மூலக்கூறோ பல மூலைகளிற் கைகோக்க வல்லது. கிளை விடவும் வல்லது. ஆதலின் இரண்டு மூன்று சீனிகளைக் கொண்டே கணக்கற்ற கோலங்கள் போடலாம். நியூமோகொக்கசில் ஏறத்தாழ 100 வகைகள் இன்று அறியப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் வெவ்வேறு போர்வை.

போர்வையின் தொழில் ஒளித்தல். நம் குருதியின் வெண்கலங்கள் கிருமியை விழுங்கிச் செரிப்பன. வழுவழுப்பான சீனிப் போர்வையிருப்பின் அவற்றின் பிடிக்குக் கிருமி அகப்படாது. அப்போர்வைக்கென்றே அமைந்த பிறபொருளெதிரி வந்து ஒட்டிவிட்டாலோ, அதுவே வெண்கலத்துக்குக் கைப்பிடியாகிவிடும். ஏவரியும் டூபோவும் 1930 இல் இதனைச் சோதித்த விதம் கதை போன்றது. இயற்கையில் உண்டாகும் எதனையும் அழிக்கவல்ல உயிர் மண்ணில் எங்கேனும் இருக்கும் என்று எண்ணி, நியூ ஜேர்சியிற் பழச்செடி வளரும் சதுப்பு நிலத்து மண்ணிலே தேடினர். மூன்றாம் வகைச் சீனியைத் தின்னும் பற்றீரியம் ஒன்று அகப்பட்டது. அதன் நொதியம் கிருமியைக் கொல்லவில்லை. போர்வையை மட்டுமே உரித்தது. ஆயினும் அந்நொதியம் ஏற்றப்பட்ட சுண்டெலிகள் நோய்க்குத் தப்பின.

இனித்தான் என் வருத்தத்துக்குரிய பகுதி. 1931 இல் ஏவரியும் கேபெல் என்பாரும், மூன்றாம் வகைச் சீனியைத் தனியே ஏற்றியபோது வாளாவிருந்த முயல்கள், அதனைக் குதிரைப் புரதம் ஒன்றோடு பிணைத்து ஏற்றியதும் நன்றாக எதிர்ப்பொருள் ஆக்கியதைக் கண்டனர். திறவுகோல் அன்றே கைக்கு வந்துவிட்டது. தனிச் சீனியும் வளர்ந்த மனிதரிற் பயன் தந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தென் டகோட்டாவில் சூ போல்ஸ் என்னுமிடத்து விமானப்படைப் பாசறையில் ஏறத்தாழ 17,000 பேரைக் கொண்டு, நான்கு வகைச் சீனிகள் சேர்ந்த தடுப்பூசியை மக்கிளியொட், ஹைடில்பேர்கர் முதலியோர் சோதித்தனர். ஊசி ஏற்றோரிடையே அந்நான்கு வகைகளாலும் வரும் நியூமோனியா பெரிதும் அருகிற்று என்பதை 1945 இல் வெளியிட்டனர்.

ஆனால் அதற்குள் பென்சிலின் வந்துவிட்டது. வந்த நோயை விரட்ட மருந்திருக்க, வருமுன் காப்பானேன் என்று வைத்தியர்கள் நினைத்தனர் போலும். விற்பனைக்கு வந்த தடுப்பூசியை வாங்குவாரில்லை; 1950களில் அது நிறுத்தப்பட்டது. அறியாமையால் நேர்ந்த தவறை மன்னிக்கலாம். இது அறிந்த ஒன்றைப் பரணிற் போட்டு வைத்த கதை. 1964 இல் றொபேட் ஒஸ்ரியன் என்பார், புறூக்ளின் மருத்துவமனையொன்றிற் பத்தாண்டு திரட்டிய கணக்கைக் கொண்டு, குருதியிற் கிருமி பரவிய நோயாளருள் முதல் ஐந்து நாளில் இறப்போரைப் பென்சிலினும் காக்கவில்லை என்று காட்டிய பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. 1977 இல் 14 வகைச் சீனிகளும், 1983 இல் 23 வகைகளும் கொண்ட தடுப்பூசிகள் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

அவையும் வளர்ந்தோர்க்கே. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் உடல் தனிச் சீனியைக் கண்டு கிளர்ந்தெழுவதில்லை. அந்நோய்களுக்கு எளிதில் இரையாவதும் அவ்வயதுப் பிள்ளைகளே. மூளையைச் சூழ்ந்த மென்சவ்வை அழலச் செய்யும் ஹிப் என்னும் கிருமியும் சீனிப் போர்வை உடையது. 1970களிற் பின்லாந்திற் பெருந்தொகைப் பிள்ளைகளுக்கு அதன் தனிச் சீனியை ஏற்றிப் பார்த்தபோது, ஒன்றரை வயதின் மேற்பட்டோர் மட்டுமே காக்கப்பட்டனர்.

பரணிற் கிடந்த திறவுகோலை எடுத்துத் தூசு தட்டியவர்கள் அமெரிக்காவில் றொபின்ஸ், ஷ்னேயர்சன் ஆகிய இருவரும், தனியே முயன்ற சிமித், அன்டர்சன் ஆகிய இருவருமாவர். ஹிப் கிருமியின் சீனியை, தொண்டைக்கரப்பன் அல்லது ஏற்புவலி நஞ்சைப் பக்குவஞ் செய்த புரதம் போன்றதொன்றோடு பிணைத்தனர். சீனியை இனங்கண்ட கலம் ஒட்டியிருக்கும் புரதத்தையும் சேர்த்தே விழுங்கி, புரதத் துண்டைத் தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும். அதனைக் கண்ட ரி-கலம் துணைக்கு வரும். தனிச் சீனிக்குக் கிட்டாத துணை அதுவே. முதற் பிணைப்புத் தடுப்பூசி 1987 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது; 1990 இல் இரண்டு மாதக் குழந்தைகளுக்கும் வந்தது. நியூமோகொக்கசுக்கு அத்தகைய ஊசி 2000 ஆம் ஆண்டிலேயே வாய்த்தது.

நம் இலங்கையில் 2008 இல் ஹிப் தடுப்பூசி ஐங்கூட்டு ஊசியின் ஓர் உறுப்பாகத் தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. ஊசியின் பின் நேர்ந்த சில இறப்புகள் பற்றிய ஐயத்தால் அவ்வாண்டே நிறுத்தப்பட்டு, ஆராய்வின் பின் 2010 இல் மீண்டும் தொடங்கப்பட்டது. இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் அதனை ஏற்றுவர். இத்துணைச் சிறு பிள்ளைக்கு ஏன் இத்தனை ஊசி என்று பாட்டிமார் கேட்பதுண்டு. அவ்வூசிக்குள் இருப்பவற்றுள் ஒன்று, ஏவரியும் கேபெலும் முயலுக்கு ஏற்றியதன் வழித்தோன்றலே.

ஏவரி 1955 இற் காலமானார். ஹைடில்பேர்கர் 103 வயது வரை வாழ்ந்து 1991 இல் மறைந்தார். தம் சீனி குழந்தைகளைக் காக்கப் புறப்பட்டதைக் காணும் பேறு அவருக்குக் கிடைத்தது.