எதிரணிக்குப் போனவர்கள்: சதாசிவமும் முரளியும்

2016 ஆம் ஆண்டு ஜூலை மாதத்து விளையாட்டுப் பக்கங்களைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் மீண்டுமொருமுறை புரட்டிப் பார்க்கலாம். அந்த மாதம் 4 ஆம் திகதி, அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்தின் முதல்வரிசை நட்சத்திரமான கெவின் டுரான்ட், தாம் ஆடிவந்த ஒக்லஹோமா சிட்டி அணியை விட்டு கோல்டன் ஸ்டேட் அணிக்குச் செல்வதாக அறிவித்தார். ஐந்து வாரங்களுக்கு முன்னர்தான் அதே கோல்டன் ஸ்டேட், 3-1 எனப் பின்தங்கியிருந்த நிலையிலிருந்து மீண்டு வந்து அவருடைய அணியைத் தோற்கடித்திருந்தது. தன்னை வென்றவனின் வீட்டிலேயே போய்க் குடியேறினார் என்று இரசிகர்கள் கொதித்தார்கள். அவருடைய பெயர் பொறித்த சட்டைகள் எரிக்கப்பட்டன.

அதே மாதத்தின் பிற்பகுதியில் கொழும்பிலும் ஒரு நெருப்பு மூண்டது. இங்கே சட்டை எதுவும் எரியவில்லை; ஒரு சொல்தான் எரிந்தது. இலங்கைக்கு வந்திருந்த அவுஸ்திரேலிய அணியின் சுழற்பந்துவீச்சாளர்களுக்கு ஆலோசகராக முத்தையா முரளிதரன் அமர்த்தப்பட்டிருந்தார். பயிற்சி ஆடுகளம் ஒன்றைப் பற்றிய தகராறில் இலங்கை அணியின் முகாமையாளருடன் அவர் வாக்குவாதப்பட்டார் என்று கூறி, இலங்கைக் கிரிக்கெட் நிறுவனம் அவுஸ்திரேலியக் கிரிக்கெட் நிறுவனத்திடம் முறைப்பாடு செய்தது. அதன் பின் கொழும்பின் ஆங்கிலப் பேச்சில் 'டிரெய்ட்டர்' என்ற சொல் தாராளமாகப் புழங்கியது. தம்மை அவ்விதம் நோக்குவது மனதைப் புண்படுத்துகிறது என்று முரளி பகிரங்கமாகவே சொன்னார்.

அந்நாளில் பத்திரிகை ஒன்றின் இரவுக் கடமையிலிருந்த இளம் உதவி ஆசிரியர் ஒருவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "ஐயா, இந்த டிரெய்ட்டருக்குத் துரோகி எண்டே போடலாமோ?" என்று கேட்டார். போட வேண்டாம் என்றேன். அகராதியின்படி அது சரியான சொல்தான். ஆனால் எங்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1975 ஜூலை 27 அன்று பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயில் முன்றலில் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா சுட்டுக்கொல்லப்பட்ட நாளிலிருந்து அது வெறும் வசைச்சொல்லாக இருக்கவில்லை, தீர்ப்பாக இருந்தது. மின்கம்பங்களில் கட்டப்பட்ட உடல்களின் கழுத்திலே தொங்கிய மட்டைகளில் நாங்கள் வாசித்த சொல் அது. ஆங்கிலத்தில் ஒரு வீரரைத் திட்டுவதற்குப் போதுமானது, தமிழில் ஓர் உயிரைக் குறிவைத்த சொல்லாகிவிட்டது. கிரிக்கெட் பந்தயத்துக்கு அதைக் கொண்டுவர எனக்கு மனமில்லை.

சரி, சொல்லை விடுவோம். விடயம் என்ன? ஒரு நட்சத்திரம் தன் அணியை விட்டு எதிரணிக்குப் போகலாமா? இக்கேள்வியை ஆராய முரளியிலிருந்து தொடங்குவதை விட, முரளியின் கழகத்திலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

கொழும்பின் கிரிக்கெட் கழகங்கள் இனவாரியாகப் பிறந்தவை. சிங்கள விளையாட்டுக் கழகம், தமிழ் யூனியன், பறங்கியர் கழகம், சோனகர் கழகம், மலாயர் கழகம் என்று பெயர்களே அதைச் சொல்லும். எஸ்.எஸ்.சி.யும் தமிழ் யூனியனும் ஒரே ஆண்டில், 1899 இல் தோன்றியவை. ஆனால் காலப்போக்கில் பெயர் ஒன்றாகவும் ஆட்கள் வேறாகவும் ஆகிப்போனது. தமிழ் யூனியனின் தொப்பியை அணிந்த சிங்கள வீரர்கள் எத்தனையோ பேர். ரங்கன ஹேரத் அவர்களில் ஒருவர். குருநாகலில் தொடங்கி, சோனகர் கழகத்தில் ஆடி, பின்னர் தமிழ் யூனியனுக்கு வந்தவர் அவர். கழகம் மாறுவதைக் கொழும்பிலே யாரும் பெரிதுபடுத்தியதில்லை. நல்ல தொழில், நல்ல ஆடுகளம், அணியில் நிச்சயமான இடம் என்று காரணங்கள் எப்போதும் உண்டு. முரளி மாறவில்லை என்பதுதான் வேடிக்கை. உலகின் எந்தக் கழகமும் ஏற்றுக்கொள்ளக்கூடிய வீரர், 1990 களின் தொடக்கத்திலிருந்து ஓய்வு பெறும் வரை உள்ளூரில் தமிழ் யூனியனிலேயே இருந்தார்.

அந்தக் கழகத்தின் மைதானம்தான் வனாத்தமுல்லையிலுள்ள ஓவல், இன்றைய பி. சரவணமுத்து மைதானம். இலங்கையின் முதலாவது டெஸ்ட் 1982 பெப்ரவரியில் அங்கேதான் நடந்தது. முதலாவது டெஸ்ட் வெற்றியும் 1985 இல் இந்தியாவுக்கு எதிராக அங்கேதான் கிடைத்தது. அதற்கெல்லாம் முன்னர், 1948 மார்ச்சில், இங்கிலாந்து செல்லும் வழியில் டொன் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி அங்கே ஒருநாள் ஆடியது. அன்று இலங்கைக்குத் தலைமை தாங்கியவர் மகாதேவன் சதாசிவம். பொரளை வெஸ்லி கல்லூரியின் மாணவர், தமிழ் யூனியனின் துடுப்பாட்டக்காரர். அதற்கு முந்திய ஆண்டு சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கெதிராக 215 ஓட்டங்களைக் குவித்தவர்.

நான் கொட்டாஞ்சேனையில் வளர்ந்த காலத்தில், ஜம்பட்டா வீதிச் சலூனில் முறைக்குக் காத்திருக்கும் பெரியவர்களுக்குச் 'சதா' ஒருபோதும் தீராத பேச்சு. அவருடைய 'லேட் கட்' அடியைக் கையில் சீப்பை வைத்துக்கொண்டு செய்து காட்டுவார்கள். பிறகு ஒருவர் குரலைத் தாழ்த்துவார். பேச்சு வழக்குக்குத் திரும்பிவிடும்.

1951 ஒக்டோபர் 9 ஆம் திகதி சதாசிவத்தின் மனைவி பம்பலப்பிட்டி வீட்டில் கொலையுண்டு கிடந்தார். சதாசிவம் கைது செய்யப்பட்டார். கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா அவருக்காக வாதாடினார். பிரித்தானியாவின் புகழ்பெற்ற சட்ட மருத்துவ நிபுணர் சேர் சிட்னி சிமித்தின் சாட்சியமும் எதிர்த்தரப்புக்குத் துணையாயிற்று. 1953 இல் அவர் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். நீதிமன்றம் விடுவித்தது; கொழும்பு விடுவிக்கவில்லை. அவர் கடல் கடந்து போனார். சிங்கப்பூர் அணிக்குத் தலைமை தாங்கினார். மலாயா அணிக்கும் தலைமை தாங்கினார். மூன்று நாட்டு அணிகளுக்குத் தலைமை தாங்கிய ஒருவர் என்று இன்று அதைப் பெருமையாக எழுதுகிறோம். ஆனால் அன்று அது பெருமையாகப் பார்க்கப்பட்டதாக அந்தச் சலூன் பேச்சில் நான் கேட்டதில்லை. போனது நல்லது என்ற நிம்மதிதான் அதில் இருந்தது. சிங்கப்பூர் எமக்கு எதிரி நாடல்ல என்பது உண்மை. எனினும் இங்கே வீட்டுக் கதவு சாத்தப்பட்ட பின்னர்தான் அங்கே கதவு திறந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 'அவர் அணியை விட்டுப் போனார்' என்று எழுதுவதற்கு முன்னர், அணி அவரை எப்போது விட்டது என்று விசாரிப்பது பத்திரிகைக்காரனின் கடமை.

இனி முரளிக்கு வருவோம்.

அவருடைய டெஸ்ட் பிரவேசம் 1992 ஓகஸ்ட்டில் கெத்தாராமையில் நிகழ்ந்தது. எதிரணி அவுஸ்திரேலியா. 1995 டிசம்பர் 26 அன்று மெல்பேர்னில் நடுவர் டரல் ஹெயார் அவருடைய பந்துவீச்சை ஏழு தடவை 'நோ போல்' என அறிவித்தார். 1999 ஜனவரியில் அடிலெயிட்டில் ரொஸ் எமர்சன் மீண்டும் அறிவித்தபோது, அர்ஜுன ரணதுங்க தமது வீரர்களை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்றுவிட்டார். 2004 இல் அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹவார்டே முரளி பந்தை எறிகிறார் என்று சொல்ல, அந்த ஆண்டுச் சுற்றுப்பயணத்துக்கு முரளி போகவில்லை. 2016 இல் இலங்கைக் கிரிக்கெட் நிறுவனத்தின் தரப்பிலிருந்து எழுந்த ஆதங்கத்தின் சாரம் இதுதான்: உன்னை எறிபவன் என்றவர்கள் அவர்கள், உன்னைக் காத்தவர்கள் நாங்கள், இன்று யாருக்குக் கற்றுக்கொடுக்கிறாய்?

இது வெறும் கூச்சலல்ல. ரணதுங்க அன்று எடுத்த துணிச்சல் மகத்தானது. ஒரு தமிழ் வீரருக்காகச் சிங்களத் தலைவர் ஒருவர் தமது பதவியையே பணயம் வைத்தார் என்று வெள்ளவத்தைத் தேநீர்க் கடைகளிலும் அந்நாளில் நெஞ்சு நெகிழ்ந்து பேசினார்கள். 1983 ஜூலையில் எரிந்த காலி வீதியில் அத்தகைய பேச்சு எழுந்தது சிறிய விடயமா? ஆனாலும், முரளியின் கை வளைவைச் சோதித்து அவர் பக்கம் நின்ற விஞ்ஞானிகள் பேர்த் நகரிலுள்ள மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் மறக்கலாகாது. குற்றம் சாட்டியதும் அந்த நாடு. குற்றமில்லை என நிறுவ உதவியதும் அந்த நாடு.

கடன் பற்றிய வாதத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 800 விக்கட்டுகள். 2010 ஜூலை 22 அன்று காலியில், கடைசி டெஸ்டின் கடைசிப் பந்திலே பிரக்யான் ஓஜாவை வீழ்த்தி அவர் அந்தக் கடனை வட்டியுடன் தீர்த்துவிட்டார் என்றே நான் கருதுகிறேன். அதன் பின் இலங்கைக் கிரிக்கெட் தமது சேவையை நாடவில்லை என்பது முரளியின் முறைப்பாடு. 2014 இலேயே அவுஸ்திரேலியா அவரை அழைத்தது, பாகிஸ்தானுக்கெதிரான தொடருக்காக. அப்போது கொழும்பில் எவரும் மூச்சு விடவில்லை. 2016 இல் எதிரணி நாமாக இருந்ததனால்தான் அது நெறிப்பிரச்சினையாகிற்று.

பயிற்றுநர்கள் எல்லை கடப்பது புதிதா? 1996 மார்ச் 17 அன்று லாகூரில் அவுஸ்திரேலியாவை வென்று நாம் உலகக் கிண்ணத்தைத் தூக்கியபோது, எமது பயிற்றுநராக இருந்தவர் டேவ் வட்மோர். கொழும்பிலே பிறந்து, சிறுவயதில் குடிபெயர்ந்து, அவுஸ்திரேலியாவுக்காக 7 டெஸ்ட் ஆடியவர். தாம் தொப்பி அணிந்த நாட்டையே தோற்கடிக்க எமக்கு வழிகாட்டினார். அவரைத் தொடர்ந்து டொம் மூடி, டிரெவர் பெய்லிஸ், ஜெஃப் மார்ஷ் என்று அவுஸ்திரேலியர்கள் ஒருவர் பின் ஒருவராக எமது அணியைப் பயிற்றுவித்தார்கள். 2007 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் மூடி தமது நாட்டுக்கெதிராக எமது பக்கத்தில் இருந்தார். நாம் அதை 'தொழில்சார் பண்பு' என்று பாராட்டினோம்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முரளி தமிழர் என்பதனால் மட்டுமே இந்தச் சினம் எழுந்தது என்று சில நண்பர்கள் எழுதினார்கள். நான் உடன்படவில்லை. அதே 2016 இல், சில மாதங்களுக்கு முன்னர், மஹேல ஜயவர்தன இங்கிலாந்து அணிக்கு ஆலோசனை வழங்கியதையும் அதே கிரிக்கெட் நிர்வாகம் கண்டித்தது. மஹேல எஸ்.எஸ்.சி. வீரர், சிங்களவர், முன்னாள் அணித்தலைவர். ஆகவே நிர்வாகத்தின் சினம் இனம் பார்த்து வரவில்லை. ஆனால் ஒரே அளவு மழை இரண்டு கூரைகளில் பெய்தால், ஓட்டை உள்ள கூரையில்தான் ஒழுகும். மஹேலவின் விசுவாசத்தை அவருடைய பிறப்போடு சேர்த்து எவரும் எடைபோடப் போவதில்லை. 1977 கலவரத்தில் கண்டியிலே தந்தையின் பிஸ்கட் தொழிற்சாலை தாக்கப்பட்டதைக் கண்ட குடும்பத்தின் பிள்ளைக்கு அந்த நிம்மதி கிடையாது.

மறுபக்கத்திலிருந்தும் அவருக்கு அதே சொல் வந்தது. 2008 இல் ஐ.பி.எல். தொடங்கியபோது அவர் சென்னை அணியின் செல்லப்பிள்ளை, சென்னைக்கு மருமகனும்கூட. 2010 இல் அந்த அணி கிண்ணம் வென்றபோது உடனிருந்தார். ஏலத்தில் கொச்சிக்கும் பின்னர் பெங்களூருக்கும் போனபோது எவரும் கோபிக்கவில்லை. ஏலம் என்றால் போகத்தானே வேண்டும்! ஆனால் 2013 இல் தமிழகத்து எதிர்ப்பின் காரணமாக இலங்கை வீரர்கள் சென்னையில் ஆட முடியாது என்று முடிவானபோது, பெங்களூர் அணியிலிருந்த முரளிக்கும் சேப்பாக்கத்தின் வாயில் மூடப்பட்டது. சதாசிவம் 215 அடித்த அதே சேப்பாக்கம். பின்னர் 2020 இல், அவருடைய வாழ்க்கையைப் பற்றிய '800' திரைப்படத்திலிருந்து எதிர்ப்புகளுக்கு மத்தியில் விஜய் சேதுபதி விலக நேர்ந்தது. போரின் முடிவு பற்றி முரளி சொன்னவற்றோடும், 2019 தேர்தலில் கோத்தாபயவுக்கு அவர் அளித்த ஆதரவோடும் எனக்கும் உடன்பாடு இல்லை. அதை எழுதியும் இருக்கிறேன். உடன்பாடின்மைக்கு நூறு சொற்கள் இருக்க, எடுத்த எடுப்பில் அந்த ஒரு சொல்லையே தேடிப் போவானேன்?

2016 தொடரில் நடந்தது என்ன? முதலாவது டெஸ்ட் ஜூலை 26 இல் பல்லேகலையில் தொடங்கியது. இலங்கை முதல் இன்னிங்ஸில் 117 ஓட்டங்களுக்குச் சுருண்டது. போச்சுது என்று வெள்ளவத்தையில் எல்லோரும் சொன்னார்கள். குசல் மெண்டிஸ் என்ற இளைஞர் 176 ஓட்டங்களைப் பெற்றார். இலங்கை 106 ஓட்டங்களால் வென்றது. அதுவரை அவுஸ்திரேலியாவை நாம் டெஸ்டில் ஒரேயொரு தடவைதான், 1999 இல் கண்டியில், வென்றிருந்தோம். அடுத்து காலி, அடுத்து எஸ்.எஸ்.சி. மைதானம், தொடர் 3-0. மூன்று டெஸ்டுகளில் 28 விக்கட்டுகளை எடுத்தவர் ரங்கன ஹேரத். பல ஆண்டுகளாக முரளியின் நிழலில் இடம் கிடைக்காமல் காத்திருந்தவர், முரளியின் மாணவர்களுக்கெதிராக முரளியின் கழகத்திலிருந்தே வந்து வென்றார். மணிக்கட்டைச் சில நாள் கடனாகக் கொடுக்க முடியாது என்பதை அவுஸ்திரேலியர்கள் அறிந்துகொண்டார்கள்.

டுரான்டின் கதை வேறு விதமாக முடிந்தது. அவர் போன இடத்தில் 2017, 2018 என இரு ஆண்டுகள் கிண்ணம் வென்றார். ஒக்லஹோமாவில் அவரைக் கூவி வரவேற்றார்கள், வசைகளால்.

முரளியின் தவறு என்று நான் காண்பது ஒன்றே. சொந்த மண்ணில், தொடர் தொடங்கும் தறுவாயில், ஆடுகளத்தைப் பற்றித் தகராறுபட்டிருக்கக் கூடாது. மண்ணைப் பற்றிய அறிவு விரல் வித்தையைப் போன்றதல்ல. அது ஒருவருக்கு மட்டும் உரியதல்ல. கற்றுக்கொடுத்ததில் எனக்குக் குறை கிடையாது.

2021 பெப்ரவரியில் நாட்டின் கிரிக்கெட்டைச் சீர்செய்ய ஆலோசனைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அரவிந்த டி சில்வா தலைவர். ரொஷான் மஹாநாம, குமார் சங்கக்கார ஆகியோர் உறுப்பினர்கள். நாலாவது பெயர் முத்தையா முரளிதரன். அந்த அறிவிப்பை வெளியிட்ட பத்திரிகைகளில் 2016 ஐ நினைவுபடுத்தி ஒரு வரி எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தேன். நான் பார்த்த எதிலும் இல்லை.