மருந்தின் நிலைத்த இரத்த அளவு

ஒரே மருந்தை ஒரே அளவில் தொடர்ந்து உட்கொண்டால், இரத்தத்தில் அதன் அளவு சில காலம் ஏறி, பிறகு ஒரு வரம்புக்குள் நின்றுவிடும். நாள்தோறும் மருந்து சேர்ந்தும் அளவு ஏறிக்கொண்டே போகாததற்குக் காரணம், பெரும்பாலான மருந்துகளில் உடல் வெளியேற்றுவது இருப்பில் ஒரு பங்கு என்பதே. இருப்பு கூடக்கூட வெளியேற்றமும் கூடி, முடிவில் வரவும் செலவும் சரிக்குச் சரியாகும். இருப்பு பாதியாகக் குறையும் நேரம் அரைவாழ்வு. அரைவாழ்வுக்கு ஒருமுறை 100 மி.கி. ஊசியாகப் போட்டால், முதல் ஊசிக்குப் பின் உடலில் 100 இருக்கும். அது 50ஆகக் குறையும்போது அடுத்தது சேர்ந்து 150 ஆகும். பிறகு 175, 187.5, 193.75 என்று 200ஐ நெருங்கும், தாண்டாது. ஊசியை 200 மி.கி. ஆக்கினால் உச்சம் 400ஐ நெருங்கும்; ஆனால் அதற்கும் அதே ஐந்து ஊசி வேண்டும். உயரத்தை மருந்தளவும் இடைவெளியும் வெளியேற்றத்தின் வேகமும் சேர்ந்து தீர்மானிக்க, அங்கே போய்ச்சேரும் காலம் அரைவாழ்வின் கையில் மட்டுமே இருக்கிறது. தைராய்டு குறைபாட்டுக்குத் தரும் லீவோதைராக்ஸினின் அரைவாழ்வு சுமார் 7 நாள். இரண்டு வாரத்தில் முக்கால் பங்கு உயரமே எட்டியிருக்கும்; அதற்குள் மாத்திரை பலிக்கவில்லை என்று அளவைக் கூட்டுவது அவசரம். டி.எஸ்.எச். பரிசோதனையை 6 முதல் 8 வாரம் கழித்துச் செய்யச் சொல்வது இதனால்தான்.

முதலிலேயே பெரிய அளவு கொடுத்துக் காலத்தைச் சுருக்கலாமே என்று கேட்கலாம். இதயத் துடிப்பு தறிகெட்டு ஓடும்போது டிஜாக்ஸினை அப்படித்தான் கொடுக்கிறார்கள். அதன் அரைவாழ்வு 36 முதல் 48 மணி நேரம் என்பதால், காத்திருந்தால் ஒரு வாரம் போய்விடும். ஆனால் தொடக்க அளவு மிகையானால், தினசரி அளவுக்குரிய மட்டத்துக்கு இறங்கவும் அதே நான்கைந்து அரைவாழ்வு பிடிக்கும். சிறுநீரகம் பழுதானவருக்கு டிஜாக்ஸினின் அரைவாழ்வு நாட்கணக்கில் நீளும். மட்டமும் உயரும், அதை எட்டும் நாளும் தள்ளிப்போகும். முதல் வாரம் ஒத்துக்கொண்ட மாத்திரை பின்னர் நஞ்சாவது இப்படித்தான்.

வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாய்ன் இக்கணக்குக்கு உண்மையிலேயே அடங்காது. அதைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகள் சிகிச்சை அளவிலேயே நிரம்பத் தொடங்குவதால், வரவு கூடும் வீதத்தில் செலவு கூடுவதில்லை. 300 மி.கி.யை 400 ஆக்கினால் இரத்த அளவு மூன்றில் ஒரு பங்கு மட்டும் கூடும் என்று நம்புவது ஆபத்து, பன்மடங்காகலாம். நிலைத்த அளவு என்ற பெயரும் சற்றே மயக்குவது. மேற்கண்ட கணக்கில்கூட இருப்பு ஊசிக்கு ஊசி 200க்கும் 100க்கும் இடையே ஊசலாடுகிறது. அதே மருந்தைச் சிறு அளவுகளாகப் பிரித்து அடிக்கடி கொடுத்தால் சராசரி மாறாது, ஊசலாட்டம் குறையும். இரத்தம் எடுக்கும் நேரமும் முக்கியம்: டிஜாக்ஸின் விழுங்கிக் குறைந்தது 6 மணி நேரமாவது ஆகாவிட்டால், மருந்து திசுக்களுக்குள் பரவி முடியாமல், பரிசோதனை அளவைக் கூட்டியே காட்டும்.