குன்மமும் கொழுப்புக் கழலையும்: குடற்கட்டி அறிதலின் வரலாறு – தாமிரபரணிப் பகுதியை முன்வைத்து

முன்னுரை

குடற்சுவரில் தோன்றும் கொழுப்புக் கழலை புற்றுநோயன்று. பெரும்பாலும் சளிச்சவ்வின் அடியடுக்கில் வளரும் இது, பெருங்குடலின் வலப்பகுதியில் மிகுதியாகக் காணப்படுகிறது. ஐரோப்பிய மருத்துவ இலக்கியத்தில் இதனை முதலில் பதிவு செய்தவர் பாவர் (1757) என்பர். சித்த மருத்துவ நூல்கள் கூறும் குன்மத்தை இக்கழலையோடு பொருத்திக் காண்பது எளிது. அப்பொருத்தம் ஏற்கத்தக்கதா என்பதை நோயறியும் முறைகளின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் பொருளும்

வடமொழியில் ‘குல்மம்’ என்பது புதர், திரள் எனப் பொருள்படும். ஆயுர்வேதம் வயிற்றில் திரண்டு தோன்றுவதை இப்பெயரால் சுட்டி, ஐந்து வகையாகப் பகுக்கிறது. சித்த மரபோ குன்மத்தை எட்டாகப் பகுக்கிறது. உடலையும் மனத்தையும் குன்றச் செய்வதால் குன்மம் எனப் பெயர்க்காரணம் கூறுவதும் உண்டு. செரியாமை, வயிற்றெரிவு, வலி, வாந்தி ஆகியன அதன் குறிகள். இன்றைய சித்த மருத்துவ ஆய்வுகள் பல அதனை இரைப்பைப் புண்ணோடு ஒப்பிடுகின்றன. ஒரே சொல் ஓரிடத்தில் திரளையும் மற்றோரிடத்தில் புண்ணையும் குறிப்பதால், சொல்லொற்றுமை கொண்டு நோயொற்றுமை காண்பது பொருந்தாது.

எண்வகைத் தேர்வில் ‘பரிசம்’ தொட்டறிதலாகும். தோலின் கீழுள்ள கழலையைக் கை அறியும். குடலினுள் மென்மையாகவும் பெரும்பாலும் சிறிதாகவும் இருக்கும் கழலையை அறியாது. இது மருத்துவரின் குறையன்று, முறையின் எல்லை. அக்கால ஐரோப்பிய மருத்துவருக்கும் இவ்வெல்லை இருந்தது.

திறந்து காணல்

திருநெல்வேலிக்குத் தென்மேற்கே, அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த நெய்யூரில் இலண்டன் மிஷன் மருத்துவமனை இயங்கியது. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற தியோடர் ஹோவர்டு சாமர்வெல் அங்கு நெடுங்காலம் அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். இப்பகுதியில் பெருகியிருந்த முன்சிறுகுடற் புண்ணுக்கு அவர் செய்த அறுவைகள் பெயர் பெற்றவை. வயிற்றறுவை தென்கோடியில் வேரூன்றியமைக்கு நெய்யூர் சான்றாகும்.

எனினும் திறந்து பார்த்தல் கழலைக்கு முழு விடை தரவில்லை. பெரிய கழலை குடற்செருகலையும் அடைப்பையும் உண்டாக்கும்; அந்நிலையில் அதனைப் புற்றிலிருந்து பிரித்தறிதல் அரிது. எனவே ஐயத்தின் பேரில் பெருங்குடலின் பெரும்பகுதி நீக்கப்படுவதுண்டு. முன்கூட்டி அறிய இயலாமையின் விலையை நோயாளியின் குடலே தந்தது.

படிமத்தால் அறிதல்

ராண்ட்கன் 1895இல் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். பின்னர் வந்த பேரியப் படங்களில் கழலை வழவழப்பான விளிம்புடன் தோன்றியது. குடலசைவுக்கேற்ப வடிவம் மாறுவது அதன் மென்மையைக் காட்டியது. உள்நோக்கிக் கருவியால் அழுத்தினால் அது தலையணைபோல் குழிந்து மீள்வதும் ஓர் அடையாளம். உறுதியான விடையை 1971இல் நோயாளியிடம் முதன்முதலில் பயன்படுத்தப்பட்ட சி.டி. ஸ்கேன் தந்தது. ஹவுன்ஸ்ஃபீல்டு அளவையில் நீர் 0. கொழுப்பு ஏறத்தாழ −40 முதல் −120 வரை. கை அறியாத கொழுப்பை எண் அறிவித்தது.

சிகிச்சையும் இதனால் மாறியது. தொல்லை தராத சிறு கழலை பொதுவாக நீக்கப்படுவதில்லை. ஏறத்தாழ 2 செ.மீ.க்கு மேற்பட்டவையே குருதிக்கசிவு, வலி, அடைப்பு ஆகியவற்றை மிகுதியும் தோற்றுவிக்கும். அவற்றுள் தக்கவற்றை உள்நோக்கி வழியே நீக்கலாம். அடிப்பாகம் அகன்றிருப்பின் குடலில் துளை விழும் இடருண்டு. குடற்செருகலுக்கு இன்றும் அறுவையே வழி.

முடிவுரை

பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964இலும், திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965இலும் தொடங்கப்பட்டன. இரு மரபுகளும் அருகருகே பயிலப்படும் இந்நிலத்தில் சொற்களை வரையறுப்பது நோயாளியின் நலன் சார்ந்ததாகும். குன்மம் என்பது குறிகளின் தொகுதி. கொழுப்புக் கழலை என்பது திசுவின் பெயர். முன்னதைப் பின்னதாகப் படித்தால் சுவடிக்கு நீதி செய்ததாகாது. பின்னதை முன்னதாகக் கொண்டு மருந்து தந்தால் புற்றைத் தவறவிடவும் நேரலாம். ‘கட்டி’ என்ற பொதுச்சொல் நோயாளிக்கு அச்சமூட்டுகிறது. ‘கழலை’ தீங்கற்றதைச் சுட்டும் பழஞ்சொல்லாகத் தமிழில் உள்ளது. படிமத்தால் உறுதி செய்யப்பட்ட பின் அச்சொல்லை ஆளுதல் பொருத்தமுடையதாகும்.