மெனு என்பது ஒரு பட்டியல்தான்

2004-ல், பணி ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கையில், அலுவலக இணையதளத்தைக் கவனிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கணக்குப் பிரிவுக்காரனுக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள். கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்வந்தவன் அங்கே நான் ஒருவன்தான்.

நாற்பது பக்கங்கள். ஒவ்வொன்றின் இடது ஓரத்திலும் மெனு. எழுத்துகளைப் படமாக வரைந்து டேபிள் கட்டங்களுக்குள் ஒட்டியிருந்தார்கள். அன்று பல தளங்கள் அப்படித்தான். எங்கள் பிரிவில் பார்வையற்ற நண்பர் ஒருவர் இருந்தார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் வைத்திருந்தார். எங்கள் மெனுவை அது "பட்டன் ஜீரோ ஒன், பட்டன் ஜீரோ டூ" என்று படத்தின் கோப்புப் பெயராகவே வாசித்தது. விடுப்புப் படிவம் எதற்குள் இருக்கிறது என்று அவர் யாரையாவது கேட்கவேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், வழி முதலிலிருந்தே இருந்தது. டிம் பெர்னர்ஸ் லீ 1991-ல் விவரித்த எச்டிஎம்எல் குறிகளிலேயே பட்டியலுக்கு 'யூஎல்', அதன் வரிகளுக்கு 'எல்ஐ' உண்டு. 'மெனு' என்ற பெயரிலேயே ஒரு குறியும் இருந்தது. எச்டிஎம்எல் 4 அதை ஒதுக்கிவிட்டது. பட்டியல் போட்டால் வரிக்கு முன்னால் கறுப்புப் புள்ளி வரும், அழகில்லை என்று டேபிளுக்குப் போனார்கள். புள்ளியை நீக்கும் சிஎஸ்எஸ் 1996-லேயே வந்தாலும், பிரவுசர்கள் அதை ஒழுங்காகப் புரிந்துகொள்ள வருடங்கள் ஆயின. 2002-ல் மார்க் நியூஹவுஸ் 'எ லிஸ்ட் அபார்ட்' இணைய இதழில் பட்டியலையே மெனுவாக்கிக் காட்டினார். மறு வருடம் அதே இதழில் கீழே விரியும் மெனுவும் பட்டியலாகவே வந்தது.

மிச்ச வேலை பிஎச்பிக்கு. ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1994-ல் தன் சொந்தப் பக்கத்துக்காகத் தொடங்கியது அது. தலைப்புகளை ஒரே கோப்பில் வரிசையாக எழுதினேன். 'ஃபார்ஈச்' சுற்று ஒவ்வொன்றையும் ஒரு 'எல்ஐ'யாக அச்சிட, நாற்பது பக்கமும் அந்தக் கோப்பை 'இன்க்ளூட்' செய்துகொண்டன. உட்பட்டியலை 'எல்ஐ' மூடுவதற்கு முன் வைக்காமல் பின் வைத்து, இரண்டு ராத்திரி விழித்தேன்!

திங்கட்கிழமை காலை நண்பரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். மென்பொருள், "ஆறு வரிகள் கொண்ட பட்டியல்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வாசிக்க ஆரம்பித்தது. நாலாவதில் நிறுத்தினார்.

"படிவம் இங்க இருக்கா சார்? இத்தனை நாளா நான் ஏழாவதுன்னு நினைச்சேன்."