உப்பு மேலே ஏறியது, ரத்தம் கீழே இறங்கவில்லை: தைராய்டு சோதனை குறித்துச் சில குறிப்புகள்

நோய்களுக்கு வரலாறு உண்டு என்பதை நம்மில் பலர் ஒப்புக்கொண்டுவிட்டோம். சோதனைகளுக்கும் வரலாறு உண்டு என்பதை இன்னும் பேசத் தொடங்கவில்லை. ஓர் உடலில் நோய் 'இருக்கிறது' என்று யார், எங்கிருந்து, எந்தக் கருவியைக் கொண்டு சொல்கிறார்கள் என்பது மருத்துவத்தின் கேள்வி மட்டுமல்ல, அதிகாரத்தின் கேள்வியும்கூட. தைராய்டுக்கான சாதாரண ரத்தப் பரிசோதனையை ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில் நின்றுகொண்டு யோசித்தால் இது விளங்கும்.

முதலில் மொழி. தைராய்டு எல்லோர் கழுத்திலும் உள்ள சுரப்பி. நம் பேச்சிலோ அது நோயின் பெயர். 'அவளுக்குத் தைராய்டு இருக்குதாம்' என்கிறோம். இந்தப் பேச்சு வருவதற்கு முன் இருந்தது கழலை. பாடப்புத்தகம் அதை முன்கழுத்துக் கழலை என்றது. கழலை கண்ணுக்குத் தெரியும். ஒரு ஊரில் பல கழுத்துகளில் தெரிந்தால் அது ஊரின் நோய், மண்ணின் நோய். ரத்தத்தில் அளக்கும் டி.எஸ்.ஹெச். எண் அப்படியல்ல. அது தனி ஆளுக்கு, காசு கட்டிய ரசீதோடு வருவது. ஊரின் நோய் தனி ஆளின் நோயாக மாறிய கதைதான் இந்தச் சோதனையின் வரலாறு.

மழை மண்ணிலிருந்து அயோடினை அரித்துச் சென்ற மலைநாடுகளில் கழலை மிகுந்திருந்தது. 1811இல் கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயோடின் கண்டெடுக்கப்பட்டது. 1820இல் ஜெனீவா மருத்துவர் குவாந்தே அதைக் கழலைக்குக் கொடுத்தார். சுரப்பியிலேயே அயோடின் இருப்பதை 1895இல் பௌமான் கண்டார். 1922இல் சுவிட்சர்லாந்து உப்பில் அயோடினைக் கலக்கத் தொடங்கியது. மருந்து தனி ஆளைத் தேடிப் போகவில்லை, எல்லோர் சோற்றிலும் கலந்தது.

இந்தியாவில் இது காங்க்ரா பள்ளத்தாக்கில் சோதிக்கப்பட்டது. 1956இல் வி. ராமலிங்கசுவாமியும் சக ஆய்வாளர்களும் அப்பகுதியை மூன்றாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பு, மூன்றாவதற்கு வெறும் உப்பு. சில ஆண்டுகளில் முதல் இரண்டிலும் கழலை வெகுவாகக் குறைந்தது, மூன்றாவதில் குறையவில்லை. பின்னரே அங்கும் அயோடின் உப்பு போனது. 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. நாட்டுக்குப் பெரும் நன்மை செய்த ஆய்வு இது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அறிவு உண்டாவதற்கு ஒரு பகுதி மலைமக்கள் வெறும் உப்பைத் தின்றுகொண்டிருக்க வேண்டியிருந்தது.

அயோடின் கலக்காத உப்பை விற்க விதித்த தடை 1998இல் அமலானது, 2000இல் நீக்கப்பட்டது, 2006இல் மீண்டும் வந்தது. தூத்துக்குடி, வேதாரண்யம் சிறு உப்பள உற்பத்தியாளர்களுக்காக நம்மவர்கள் குரல் கொடுத்தார்கள். அதில் நியாயம் இருந்தது. அதே மூச்சில் 'கடல் உப்புல இயற்கையாவே அயோடின் இருக்கு' என்றும் சிலர் பேசினார்கள். அது உண்மையல்ல. உப்பு படியும்போது அயோடின் பெரும்பாலும் தங்குவதில்லை. சங்கப் பாடல்களின் உமணர் காலத்திலிருந்து உப்பு கடற்கரையிலிருந்து மேட்டுநிலத்துக்கு வண்டியேறிப் போயிருக்கிறது. அயோடின் கூடப் போகவில்லை. அரசும் எதிர்ப்பாளரும் உப்பைப் பற்றியே பேசினோம். உப்பைத் தின்னும் உடலை யார் பரிசோதிப்பது என்பது இரு தரப்புக்கும் கேள்வியாகவில்லை.

சோதனையின் கதை வேறு தடத்தில் வந்தது. ரத்தத்தில் மிகமிக நுண்ணிய அளவில் இருக்கும் ஹார்மோனை அளக்க, கதிரியக்கத்தைப் பயன்படுத்தும் முறையை ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1950களின் இறுதியில் உருவாக்கினார்கள்; காப்புரிமை வாங்க மறுத்தார்கள். 1977இல் யாலோவுக்கு நோபல் பரிசு. அதே 1977 மார்ச்சில் ஜவ்வாது மலைத்தொடரின் காவலூரிலிருந்து யுரேனஸ் கோளின் வளையங்களுக்கான தடயத்தைப் பதிவு செய்தார்கள். மலைக்கு அறிவியல் வராமல் இல்லை. வானத்தைப் பார்க்க வந்தது.

ஜமுனாமரத்தூரை அடுத்த ஒரு சிற்றூரில் ஓர் அக்காவிடம் பேசினேன். எந்நேரமும் அசதி, முடி கொட்டுகிறது, கால் வீங்குகிறது. வீட்டில் இதற்கு வைத்த பெயர் சோம்பேறித்தனம். அவர் சொன்னார்: 'கீழ ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனன் தம்பி. அன்னிக்கிக் கூலி போச்சி. ரத்தத்த எடுத்துக்கினு, ரிசல்டுக்கு நாளைக்கி வான்னாங்க. நாளைக்கின்னா இன்னொரு கூலி. நான் போவல.'

அவர் ரத்தம் எங்கோ ஓர் எண்ணாக மாறிக் கிடக்கும். தைராய்டு மந்தமானால் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அதை விரட்ட டி.எஸ்.ஹெச்சைக் கூடுதலாகச் சுரக்கும். அந்த எண் ஏறும். மாத்திரை விலை குறைவுதான். ஆனால் அளவு சரியா என்று ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். ஆக இது ஒரு சோதனையல்ல, தொடர்ந்து மலையிறங்கும் ஏற்பாடு. அந்தச் செலவு எந்த விலைப்பட்டியலிலும் இல்லை.

தூரம்தான் காரணம் என்பார்கள். கனடாவின் கியூபெக்கில் 1970களிலேயே பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை வடிதாளில் காயவைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். வடிதாளுக்கு ஐஸ் பெட்டி வேண்டாம், தபால் போதும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து மையங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பரிசோதித்தபோது சுமார் 1130 பேரில் ஒருவருக்குப் பிறவியிலேயே இக்குறை இருந்தது. முதல் இரண்டு வாரங்களில் கண்டு மாத்திரை தொடங்கினால் அந்தக் குழந்தையின் அறிவு வளர்ச்சியைக் காப்பாற்றலாம். தாமதித்தால் இழந்ததை மீட்க முடியாது. அப்படி இழந்த பிள்ளையைத்தான் பள்ளிக்கூடம் 'மக்கு' என்கிறது. மலையிலிருந்து வந்த பிள்ளையென்றால் அதை இனத்தின் குணமாகவே ஆக்கிவிடுகிறது.

2014இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இச்சோதனையைச் சொல்லவில்லை, ஆபத்து மிகுந்தவர்களுக்கு மட்டும் சொன்னது. அயோடின் குறைவு 'அறியப்பட்ட' பகுதியில் வசிப்பது அந்த ஆபத்துகளில் ஒன்று. அறியப்பட்ட என்றால் யாரால்? ரத்தம் எடுக்காத இடத்தில் நோய் இல்லை. நோய் இல்லாத இடத்தில் ரத்தம் எடுக்கத் தேவையில்லை. இந்த வட்டத்துக்குள்தான் விளிம்பு உற்பத்தியாகிறது.

இதை உடைக்கப் பெரிய கோட்பாடு வேண்டாம். மலையில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வடிதாள். கர்ப்பிணிகள் அனைவருக்கும் மலையிலேயே ரத்தம் எடுக்கும் ஏற்பாடு. முடிவு ஆளைத் தேடி வருவது. உப்பை மேலே அனுப்ப முடிந்த அரசால் ரத்தத்தைக் கீழே கொண்டுபோய் முடிவைத் திரும்பக் கொண்டுவர முடியும். உப்புக்காகத் தெருவில் நின்ற நாம் இதற்காகவும் நிற்க வேண்டும்.